திருச்செங்கோட்டுக் கூட்டமும் மில்கிராமின் சுவிட்சுகளும்

சென்ற இதழில் வெளியான கட்டுரை ஒரே ஒரு எண்ணத்தின் மேல் நிற்கிறது. அந்த இடத்தில் யார் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள் என்பது அது. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் ஒரு நாவலைக் கொளுத்தியவர்கள், 2015 ஜனவரியில் ஊரை அடைத்தவர்கள், அதே ஆண்டு ஜூனில் கோகுல்ராஜ் என்ற இளைஞர் கொல்லப்பட்ட பிறகு நீதிமன்றத்தில் சொன்ன சொல்லை மாற்றியவர்கள் எல்லோருக்கும் சேர்த்துக் கட்டுரையாளர் ஒரே மன்னிப்பை எழுதிக் கொடுத்துவிட்டார். அதற்கு உளவியலைச் சாட்சிக்கு அழைக்கிறார். மில்கிராம் நிரூபித்துவிட்டார், ஆஷ் நிரூபித்துவிட்டார், சிம்பார்டோ நிரூபித்துவிட்டார். கூட்டத்துக்கு மூளை கிடையாது. ஆகவே யாரையும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டாதீர்கள், பழையதைக் கிளறாதீர்கள் என்று முடிக்கிறார்.

இவர்களில் யாரும் அப்படி எதையும் நிரூபிக்கவில்லை. அவர்களுடைய ஆய்வுகளை முழுதாகப் படித்த ஒருவரால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்கவே முடியாது.

மில்கிராமை எடுத்துக்கொள்வோம். 1961-இல் யேல் பல்கலைக்கழகத்தில் அவர் ஒரு போலிக் கருவியைச் செய்து வைத்தார். அதில் 30 சுவிட்சுகள், 15 வோல்ட்டில் தொடங்கி 450 வோல்ட் வரை. பக்கத்து அறையில் இருப்பவர் தப்பான பதில் சொல்லும்போதெல்லாம் அடுத்த சுவிட்சைப் போட வேண்டும். உண்மையில் அங்கே யாருக்கும் ஷாக் அடிக்கவில்லை, ஆனால் சுவிட்சைப் போடுகிறவருக்கு அது தெரியாது. சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒருவர் கூடவே இருந்து, தயவுசெய்து தொடருங்கள் என்று சொல்லிக்கொண்டிருப்பார். 40 பேரில் 26 பேர் 450 வரைக்கும் போனார்கள். கட்டுரையாளர் இந்த எண்ணோடு நிறுத்திக்கொண்டார். மேடையில் மில்கிராமைச் சொல்லிக் கைத்தட்டு வாங்குகிறவர்களும் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திக்கொள்கிறார்கள்.

மில்கிராம் நிறுத்தவில்லை. அதே சோதனையை இருபதுக்கும் மேற்பட்ட விதங்களில் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தார். கட்டளை கொடுப்பவர் அறையை விட்டுப் போய்ப் போனில் சொன்னபோது, கடைசிவரை போனவர்கள் ஐந்தில் ஒருவர் என்ற அளவுக்குக் குறைந்தார்கள். இன்னொரு விதத்தில், சுவிட்சுப் போடுகிறவருக்குப் பக்கத்தில் தன் ஆட்கள் இருவரை, அவர்களும் சோதனைக்கு வந்தவர்கள் போலவே உட்காரவைத்தார். 150 வோல்ட் வந்ததும் ஒருவர் எழுந்து, என்னால் முடியாது என்று ஒதுங்கிக்கொள்வார். 210-இல் இரண்டாமவர் எழுந்துவிடுவார். கோட்டுப் போட்டவர் அதே ஆள், கருவி அதே கருவி. ஆனால் இந்த முறை 40 பேரில் 36 பேர் பாதியில் நிறுத்திவிட்டார்கள். எல்லா விதங்களையும் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தால், கடைசிவரை போக மறுத்தவர்கள்தான் பாதிக்கும் அதிகம். யாராக இருந்தாலும் செய்திருப்பார்கள் என்ற வாதத்துக்கு இந்த ஆய்வில் எங்கே இடம் இருக்கிறது?

அந்தக் கோட்டுக்காரர் கையில் வரிசையாக நான்கு வாக்கியங்கள் இருந்தன. முதலாவது பணிவான வேண்டுகோள். நான்காவதுதான் அப்பட்டமான உத்தரவு: உங்களுக்கு வேறு வழியே இல்லை, தொடர்ந்தே ஆக வேண்டும். ஜெர்ரி பர்கர் இந்தச் சோதனையை மறுபடி செய்து 2009-இல் வெளியிட்டார். அந்த நான்காவது வாக்கியத்தைக் கேட்டவர்களில் ஒருவர்கூடத் தொடரவில்லை. உத்தரவு போட்டதும் மனிதர்கள் முறைத்துக்கொண்டார்கள். அப்படியானால் 450 வரைக்கும் போனவர்களைப் போகவைத்தது எது? அலெக்ஸ் ஹஸ்லாம், ஸ்டீபன் ரைஷர் இருவரும் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்து சொன்னது: அவர்கள் அறிவியலுக்காக ஒரு நல்ல காரியம் செய்கிறோம் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கையை ஒருவர் அவர்களுக்குத் திட்டமிட்டு ஊட்டியிருந்தார்.

திருச்செங்கோட்டுக்கு வருவோம். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010-இல் வந்த நாவல். நான்கு வருடம் அதை எதிர்த்து ஊரில் ஒரு சத்தமும் இல்லை. ஆங்கில மொழிபெயர்ப்பு வந்த பிறகுதான் எதிர்ப்பு கிளம்பியது. 2014 டிசம்பர் 26 அன்று பிரதிகள் கொளுத்தப்பட்டன. நாவலின் சில பக்கங்களை மட்டும் தனியே உருவி நகலெடுத்து மக்கள் கையில் கொடுத்தார்கள். எதிர்த்தவர்களில் எத்தனை பேர் முழு நாவலையும் படித்தார்கள் என்பதைக் கட்டுரையாளர் ஒருமுறையாவது யோசித்திருக்க வேண்டும். நம் சாமியை, நம் வீட்டுப் பெண்களை இழிவுபடுத்திவிட்டான் என்ற சேதி அந்த நகல்களோடு சேர்ந்தே போனது. கோயிலின் மானத்தைக் காப்பாற்றுகிறோம் என்று நிறையப் பேர் உண்மையாகவே நம்பியிருப்பார்கள். அந்த நம்பிக்கை தானாக முளைக்கவில்லை. எந்தப் பக்கங்களை எடுக்க வேண்டும், எவற்றை விட வேண்டும் என்று ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார். அவருக்கு மூளை இருந்தது.

அடுத்து ஆஷ். சாலமன் ஆஷ் 1950-களில் மாணவர்களை எட்டுப் பேர் வரை ஒரு அறையில் உட்காரவைத்தார். ஒரு அட்டையில் ஒரு கோடு, இன்னொரு அட்டையில் மூன்று கோடுகள். மூன்றில் எது முதல் கோட்டின் நீளம் என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். சிறு பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் அறையில் ஒருவரைத் தவிர எல்லோரும் ஆஷின் ஆட்கள், கூசாமல் தப்பான பதிலைச் சொல்வார்கள். கடைசிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் அந்த ஒருவர் என்ன செய்கிறார் என்பதுதான் சோதனை. தன் கண்ணை விட்டுவிட்டுக் கூட்டத்தோடு சேர்ந்த பதில்கள் ஏறத்தாழ 37 விழுக்காடு. கட்டுரையாளர் இதைச் சொல்கிறார். மிச்சம் 63 விழுக்காட்டைச் சொல்லவில்லை. நான்கில் ஒருவர் ஒருமுறைகூட வளையவில்லை என்பதையும் சொல்லவில்லை. சரியான பதிலைச் சொல்லும் ஒரே ஒரு ஆளைப் பக்கத்தில் உட்காரவைத்தால் வளைவது நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது என்பதை அறவே விட்டுவிட்டார். பதிலை வாயால் சொல்லாமல் தாளில் தனியாக எழுதிக் கொடுக்கச் சொன்னபோதும் வளைந்தவர்கள் வெகுவாகக் குறைந்தார்கள். அறைக்குள் வாயால் ஒப்புக்கொண்டவர்களில் பலர் மனதால் ஒப்புக்கொள்ளவில்லை என்றுதான் இதற்கு அர்த்தம்.

இதை நேரில் பார்க்க ஆய்வகம் வேண்டியதில்லை. சேலம், நாமக்கல் பக்கம் ஏதாவது ஒரு ஊரில் கடையடைப்பு நாளன்று காலை ஏழு மணிக்குக் கடைவீதியில் போய் நில்லுங்கள். முந்தின நாளே ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். மளிகைக்கடைக்காரர் வழக்கம்போல வருவார். ஷட்டரை இடுப்பளவுக்குத் தூக்கிவிட்டு, குனிந்து உள்ளே போய் விளக்கைப் போட மாட்டார். வெளியே வந்து எதிர்க்கடையைப் பார்ப்பார். எதிர்க்கடைக்காரரும் பாதி ஷட்டரில் நின்று இவரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். பால் பாக்கெட் கேட்டு வரும் அம்மாவுக்கு அந்தப் பாதி இடைவெளி வழியாகவே எடுத்து நீட்டுவார். நான்கைந்து வண்டிகள் கொடியோடு தெருமுனையில் திரும்புகிற சத்தம் கேட்டதும் இரண்டு ஷட்டரும் ஒரே நேரத்தில் இறங்கும். மறுநாள் முழு அடைப்பு, மக்கள் தாங்களாகவே ஆதரவு என்று செய்தி வரும். தாங்களாகவே ஷட்டரை இறக்காத அந்த இருவரிடமும் யாரும் தனியாக ஒரு தாளைக் கொடுத்துக் கேட்டிருக்க மாட்டார்கள்.

2015 ஜனவரி 9 அன்று திருச்செங்கோட்டில் அடைப்பு நடந்தது. அன்று பயந்து ஷட்டரை இறக்கிய சிறு வியாபாரியை நான் கூண்டில் ஏற்றவில்லை. நாளைக்கும் அதே தெருவில், அதே ஆட்களோடு அவர் பிழைத்தாக வேண்டும். நான் குறை சொல்வது, அந்த வியாபாரியையும், பக்கங்களை நகலெடுத்து ஊருக்குக் கொடுத்தவரையும், வண்டியில் வந்து அடைக்கச் சொன்னவரையும் ஒரே அளவில் வைத்து எல்லோரும் சூழ்நிலைக்கு ஆட்பட்டவர்கள் என்று எழுதியதைத்தான். ஆஷின் அறையில் தப்பான பதிலைச் சொல்ல ஏற்பாடு செய்யப்பட்டவர்களும், அதைக் கேட்டுக் குழம்பியவரும் ஒன்றா? சூழ்நிலையை உண்டாக்கியவரையே சூழ்நிலையின் பலியாளாகக் காட்டுவது உளவியலும் இல்லை, நியாயமும் இல்லை.

அடைப்பு முடிந்து மூன்றாம் நாள், ஜனவரி 12, நாமக்கல் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தை. ஒரு பக்கம் திரண்ட தரப்புகள், ஒரு பக்கம் எழுத்தாளர், நடுவில் அரசு. அவர் நிபந்தனையற்ற மன்னிப்பு எழுதிக் கொடுத்து, விற்காத பிரதிகளைத் திரும்பப் பெற ஒப்புக்கொண்டு வெளியே வந்தார். அதன்பிறகு, பெருமாள்முருகன் என்ற எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அறிவித்தார். மற்ற எல்லோரும் தப்பான நீளத்தைச் சொல்லும் அறையில், சரியான நீளத்தைச் சொல்லியாக வேண்டிய அந்த ஒரு ஆள் அன்று அரசாங்கமாக இருந்திருக்க வேண்டும். எழுத்தாளரின் பேச்சுரிமையைக் காப்பது அதன் கடமை. அந்தக் கடமையை விட்டுவிட்டு எல்லோரோடும் சேர்ந்து அவரையே பணியச் சொன்னது. கட்டுரையாளர் இதையும் கூட்டத்தின் அழுத்தம் என்று ஒரு வரியில் கடந்து போகிறார். அழுத்தத்தைத் தாங்குவதற்காகத்தான் அரசுக்கு அதிகாரம், காவல்துறை, சட்டம் எல்லாம் கொடுத்து வைத்திருக்கிறோம்.

தனியாக நின்றவருக்குத் துணை வெளியிலிருந்து வந்தது. வாசகர்களும் எழுத்தாளர்களும் பல ஊர்களில் கூடி நாவலை வாசித்தார்கள். தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தின் சார்பில் ச. தமிழ்ச்செல்வன் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2016 ஜூலை 5 அன்று தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா அமர்வு, ஜனவரி 12 உடன்பாடு யாரையும் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தது. பெருமாள்முருகன் மறுபடி எழுத வந்தார். கூடி வாசித்தவர்களும் கூட்டம்தான். சங்கமும் கூட்டம்தான். கூட்டம் என்றாலே மனிதர் மழுங்கிப்போவார் என்ற கட்டுரையாளரின் கணக்கில் இவர்களுக்கு இடமே இல்லை.

சிம்பார்டோவின் சிறைச் சோதனையைப் பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை. 1971 ஆகஸ்டில் ஸ்டான்ஃபோர்டில் மாணவர்களைக் காவலர், கைதி எனப் பிரித்து இரண்டு வாரம் நடத்தத் திட்டமிட்டு ஆறே நாளில் நிறுத்திய சோதனை அது. பாத்திரம் கொடுத்தால் போதும், நல்லவனும் கொடியவனாகிவிடுவான் என்று ஐம்பது வருடமாகச் சொல்லிவந்தார்கள். திபோ லெ தெக்ஸியே ஆவணங்களைத் தேடி எடுத்து 2018-இல் வெளியிட்டபோது தெரிந்தது வேறு. எப்படிக் கடுமையாக நடக்க வேண்டும் என்று காவலர்களுக்கு முன்பே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மென்மையாக இருந்த ஒரு காவலரைத் தனியே அழைத்து முறைப்பாக இருக்கச் சொன்ன ஒலிப்பதிவே இருக்கிறது. சிம்பார்டோவின் சொந்தக் கணக்கிலேயே கொடூரமாக நடந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குதான். சோதனை நின்றதற்குக் கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற ஆய்வாளர் இது தப்பு என்று வாதாடியது முக்கியமான காரணம். இவ்வளவு தெரிந்த பிறகும் 1971-ஐ அப்படியே எடுத்து வைப்பவர் வாசகரை ஏமாற்றுகிறார்.

கட்டுரையாளர் இன்னொரு சோதனையையும் இழுக்கிறார். முசாஃபர் ஷெரிஃப் 1954-இல் ராபர்ஸ் கேவ் முகாமில் பையன்களை இரண்டு அணியாகப் பிரித்தார், அவர்கள் அடித்துக்கொண்டார்கள். ஆகவே சாதிப் பகையும் இயற்கை என்பது கட்டுரையாளரின் கருத்து. அதற்கு முந்தின வருடம், 1953-இல், மிடில் குரோவ் என்ற இடத்தில் ஷெரிஃப் நடத்திய முகாமை அவர் கேள்விப்பட்டதாகத் தெரியவில்லை. அங்கே பையன்களை முதலில் ஒன்றாகப் பழகவிட்டுப் பிறகு பிரித்தார்கள். ஆய்வாளர்கள் ரகசியமாகப் பொருட்களைப் பாழ்செய்து, எதிரணிதான் செய்தது என்று நம்பவைக்கப் பார்த்தார்கள். பையன்கள் பேசி, நாங்கள் செய்யவில்லை என்று ஒருவருக்கொருவர் சத்தியம் செய்து, கடைசியில் சந்தேகத்தைப் பெரியவர்கள் பக்கம் திருப்பினார்கள். சோதனை கைவிடப்பட்டது. ஜினா பெர்ரி 2018-இல் இதை நூலாகவே எழுதியிருக்கிறார். பிரிந்து கிடக்கும் ஆட்கள் தாமாக மோதுவதில்லை, மோதவைக்க வேலை நடக்க வேண்டும் என்பதுதான் அந்த முகாம் காட்டியது.

அந்த வேலை நம் பக்கத்தில் நடந்தது. 2015 ஜூன் 23 அன்று ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலில் வேறு சாதிப் பெண் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தார். கோகுல்ராஜ் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். அங்கிருந்து கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் பக்கத்தில் ரயில் பாதையில் தலை துண்டிக்கப்பட்ட உடலாகக் கிடைத்தார். இதைச் செய்தவர்கள் எங்கிருந்தோ சேர்ந்த கும்பல் இல்லை. ஒரு சாதி அமைப்பின் தலைவர் யுவராஜும் அவரோடு இருந்தவர்களும். 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் யுவராஜின் ஆயுள் தண்டனையை உறுதிசெய்தது.

விசாரணையில் சாட்சிகள் பிறழ்ந்தார்கள். கட்டுரையாளர் இதைத் தன் முக்கியமான ஆதாரமாக வைக்கிறார். பிறழ்ந்தது உண்மைதான். ஆனால் அந்தக் கதை அங்கே முடியவில்லை. கொல்லப்பட்டவரின் தாய் விடாமல் போராடினார். வழக்கு நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாற்றப்பட்டது. கோயிலின் சிசிடிவி காட்சிகள் சாட்சியமாயின. 2023 ஜனவரியில் மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதிகள் எம்.எஸ். ரமேஷ், ஆனந்த் வெங்கடேஷ் இருவரும் நேரில் கோயிலுக்கு வந்து, கேமரா இருந்த இடங்களைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஊர் முன்னால் வாயைத் திறக்க முடியாத நிலை என்றால், விசாரிக்கும் இடத்தை மாற்றலாம், மிரட்ட முடியாத ஆதாரத்தைத் தேடலாம். ஆஷ் பதிலைத் தாளில் எழுதி வாங்கியதும் இதே காரியம்தான். அச்சம் இருந்தது என்பதைக் காட்டினால் மிரட்டியவரின் குற்றம் கூடுமே தவிரக் குறையாது.

சாலையில் அடிபட்டவரைச் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிறோம், இது மனித இயல்பு என்றும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். 1964-இல் நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் கொல்லப்பட்டதை 38 பேர் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள் என்பதை மேற்கோள் காட்டுகிறார். அந்தப் பத்திரிகைச் செய்தி மிகைப்படுத்தப்பட்டது என்பது எப்போதோ வெளிவந்துவிட்டது. இங்கிலாந்து, நெதர்லாந்து, தென்னாப்பிரிக்கா நகரங்களின் தெருச் சண்டைகள் 219-ஐ சிசிடிவி பதிவுகளில் பார்த்து 2019-இல் வெளியிட்ட ஆய்வில், பத்தில் ஒன்பது சம்பவங்களில் யாராவது ஒருவர் குறுக்கே போய்த் தடுத்திருக்கிறார். சேலம், நாமக்கல் நெடுஞ்சாலையில் லாரி ஓட்டுகிறவர்களைக் கேளுங்கள். நிறுத்தத் தயங்கினால் அதற்குக் காரணம் போலீஸ் கேஸ், கோர்ட்டு அலைச்சல் என்பார்கள். அதனால்தான் உதவுகிறவரைக் காப்பாற்ற 2016-இல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டுதல் கொடுத்தது, 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலும் 134ஏ பிரிவு சேர்ந்தது. மனித இயல்பு என்று கைவிட்டிருந்தால் இந்தச் சட்டம் வந்திருக்காது.

கட்டுரையாளரின் வாதம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் பார்க்க வாச்சாத்தி ஒன்றே போதும். சேலத்துக்கு அடுத்த தர்மபுரி மாவட்டத்தில், அரூர்ப் பக்கம் உள்ள மலையடிவாரக் கிராமம் அது. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் உள்ளே புகுந்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர், அத்தனை பேரும் அரசு ஊழியர்கள். சீருடை, மேலதிகாரி, கூட வந்தவர்கள் என்று மில்கிராமின் அறையில் இருந்ததெல்லாம் அங்கே இருந்தது. யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள் என்று அந்த ஊர்ப் பெண்கள் முன்னால் நின்று கட்டுரையாளர் சொல்வாரா? தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையத்தின் அதிகாரியாக இருந்த பாமதி அதே அரசு அமைப்புக்குள் இருந்தவர்தான். ஊருக்குப் போனார், பெண்களைக் கேட்டார், நடந்தது நடந்ததுதான் என்று அறிக்கை கொடுத்தார். மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் வழக்கை விடவில்லை. 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றம், அதற்குள் இறந்துபோன 54 பேர் தவிர, மிச்சம் 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023 செப்டம்பர் 29 அன்று உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 215 பேருக்கும் பெயர் வாரியாகத் தண்டனை. கூட்டமாகப் போனோம் என்ற காரணம் ஒருவரையும் விடுவிக்கவில்லை.

சட்டம் இதை எப்போதோ யோசித்து வைத்திருக்கிறது. ஐந்து பேரோ அதற்கு மேலோ ஒரு தவறான நோக்கத்துக்காகக் கூடினால் அது சட்டவிரோதக் கூட்டம். அந்த நோக்கத்தை நிறைவேற்ற ஒருவர் செய்த குற்றத்துக்கு எல்லோரும் பொறுப்பு. பழைய தண்டனைச் சட்டத்தில் 149-ஆவது பிரிவு இதைச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா, சாதி, சமூகம், மொழி போன்ற காரணங்களுக்காக ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து கொலை செய்வதைத் தனிக் குற்றமாகவே எழுதியிருக்கிறது. கூட்டத்துக்குள் போனதால் பொறுப்பு கரையும் என்று எந்தச் சட்டமும் ஒப்புக்கொள்ளவில்லை.

அந்தக் கட்டுரையைக் கல்லூரி வகுப்புகளில் வாசிக்கக் கொடுப்பதாக அறிகிறேன். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. சாதிச் சங்கத்தின் வாட்சப் குழுவில் மாணவர் ஒருவருக்கு நாளைக்கு ஒரு சேதி வரும், இன்ன இடத்துக்கு வண்டியோடு வா என்று. அப்போது அவர் நினைவில் 26 என்ற எண் மட்டும் இருக்கக் கூடாது. பக்கத்தில் இரண்டு பேர் எழுந்ததும் சுவிட்சிலிருந்து கையை எடுத்த அந்த 36 பேரும் இருக்க வேண்டும். கட்டுரையாளர் தன் முடிவுரையைத் திரும்பப் பெற்று, விட்டுவிட்ட எண்களையும் சேர்த்து மறுபடி எழுதி, அதே மாணவர்களிடம் கொடுக்க வேண்டும் என்று கேட்கிறேன்.